வெளிச்சம் படக்கூடாத மணல்

கரூரில் பிறந்த சுகன்யாதேவிக்கு முப்பத்திரண்டு வயது. டிரெஸ்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மணலின் வயதைக் கணக்கிடுவது அவள் வேலை. "மணலுக்குப் போயா ஜெர்மனி வரைக்கும் போன?" என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது.

ராஜஸ்தானின் வடக்கே கக்கர் என்றொரு ஆற்றுப்படுகை, மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் வறண்டு கிடக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் அதன் கரையில் செங்கல் வீடுகளும் கிணறுகளுமாக ஊர்கள் எழுந்தன. இமயமலையிலிருந்து ஒரு பேராறு அங்கே ஓடியதால்தான் மக்கள் குடியேறினார்கள் என்று பலரும் நம்பினார்கள். ஊர்கள் எழுந்தபோது அந்த ஆறு உண்மையிலேயே ஓடியதா என்பதுதான் சுகன்யாவின் கேள்வி. புதைந்த மணலைச் சோதித்தால் அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் எடுக்கும்போது வெளிச்சம் பட்டால் போச்சு, புதைந்திருந்த காலத்தின் தடயம் அழிந்துவிடும்.

பிப்ரவரியில் அங்கே போய்ப் பதினாறு நாள் குழி தோண்டி, பன்னிரண்டு இரும்புக் குழாய்களில் மணலை அடைத்து, கறுப்பு டேப் சுற்றி டிரெஸ்டனுக்கு அனுப்பினாள். 'வெளிச்சத்தில் திறக்காதீர்கள்' என்று பெட்டியின் நான்கு பக்கமும் ஜெர்மனில் எழுதினாள். பெட்டி ஜெர்மனியில் சுங்கக் கிடங்கில் மாட்டிக்கொண்டது.

மண்ணைக் கொண்டுவர அனுமதி எங்கே என்று முதல் கடிதம். பெட்டிக்குள்ளேயே இருந்தது, மறுபடி அனுப்பினாள். நகல் தெளிவாக இல்லை என்று இரண்டாவது கடிதம். பிறகு ஓர் இணையப் படிவம். அதில் 'உற்பத்தி தேதி' கட்டாயம்.

"உற்பத்தி தேதியா? அதைக் கண்டுபிடிக்கத்தானே ரெண்டு வருஷமா உசுரை விடறேன்!" என்று பக்கத்து மேசையில் இருந்த சக ஆய்வாளன் ஸ்ரீஹரியிடம் கத்தினாள்.

"ஏதாவது ஒரு டேட் போட்டு சப்மிட் பண்ணு, சுகன்யா."

"1900க்கு முன்னாடி எந்த வருஷத்தையும் எடுக்க மாட்டேங்குது!"

கடைசியில் குழி தோண்டிய தேதியைப் போட்டாள். ஆறாவது வாரம் நேரில் வரச் சொன்னார்கள்.

கிடங்கு அதிகாரி மிக மரியாதையாக வரவேற்றார். ஜன்னலோர மேசையில் ஒன்பது வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் மணலைச் சீராகப் பரப்பி, எண் ஒட்டியிருந்தார்.

"பூச்சியும் இல்லை, வேரும் இல்லை," என்றார் ஜெர்மனில், நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு.

"பெட்டியின் மேல் எழுதியிருந்தேனே?"

"பார்த்தேன். ஆனால் இருட்டில் எப்படிப் பரிசோதிப்பது?"

மூன்று குழாய்களின் மூடி இறுகிவிட்டதால் திறக்க முடியவில்லை என்று அவர் மன்னிப்பு வேறு கேட்டார். அந்த மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, ஸ்ரீஹரியை அழைத்தாள்.

"ஒன்பதும் போச்சு ஹரி. வடகம் காயப்போட்ட மாதிரி பரப்பி வெச்சிருக்காரு."

"மிச்சம் மூணு எந்த லேயர்?"

"ரெண்டு அடியில, ஒண்ணு மேல."

"அப்ப கம்பேர் பண்ணலாமே!"

"ஆறுதல் சொல்லாத. எரிச்சலா வருது."

ஆனால் அவன் சொன்னது சரிதான். ஆய்வுக்கூடத்தில், மணலைக் கெடுக்காத சிவப்பு விளக்கில் அந்த மூன்றையும் திறந்து, இரண்டு மாதம் அளந்தாள். அடியில் கிடந்த மலையாற்று மணல் எட்டாயிரம் வருடம் பழையது. மேலே இருந்த மென்மையான வண்டல்தான் ஊர்களின் காலத்தை ஒட்டியது. அப்படியென்றால் மக்கள் வருவதற்கு வெகு முன்பே பேராறு வேறு பக்கம் போய்விட்டிருந்தது. அது விட்டுப்போன பள்ளத்தில், வெள்ளப் பயமில்லாத ஈர மண்ணில், மழைநீரை நம்பி அவர்கள் ஊர் கட்டியிருக்கிறார்கள். எண்களை நான்கு முறை சரிபார்த்தாள். அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

மூன்று மாதிரி போதாது என்றார் பேராசிரியர்.

நவம்பரில் மறுபடி போனாள். பழைய குழியை மூடிக் கடுகு விதைத்திருந்தார்கள். பக்கத்தில் புதிதாகத் தோண்டினாள். இம்முறை பெட்டி வருவதற்கு முன்பே அதே அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, பரிசோதனையை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளும்படி மன்றாடினாள். அவரும் வந்தார். சிவப்பு வெளிச்சத்தில் முதல் குழாயைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு வழி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

சுகன்யா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குழாயை எடுத்துக் கொடுத்தாள். புதிய பன்னிரண்டு குழாய்களும் முந்தைய மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்லின.