யாரும் கேட்டு வராத எலும்புகள்

பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரை மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் எதற்குச் சேர்த்தார்கள் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். டாக்டர்கள் மட்டுமே உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாதாம், வெளியாள் ஒருவர் வேண்டுமாம். கோயம்புத்தூரில் அந்த வெளியாள் நான். முதல் இரண்டு கூட்டங்களில் போண்டா சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டதோடு சரி.

மூன்றாவது கூட்டத்தில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. உடற்கூறியல் பேராசிரியை ஒரு கோரிக்கை வைத்தார். வால்பாறை எஸ்டேட்டில் ஆயுள் முழுக்கத் தேயிலை மூட்டை சுமந்த ஒரு பெண்மணி, தனியாக வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. எலும்புக்கூடு துறையில் இருக்கிறது. அதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பினால், சுமை தூக்குகிறவர்களின் முதுகெலும்பு எப்படித் தேய்கிறது என்று ஆராய்வார்கள். நாளைக்கு எத்தனையோ பேருக்கு வலி குறையும் என்றார். நல்ல மனுஷி. எலும்பைக்கூட 'அவங்க' என்றுதான் சொல்வார். அவரை மறுத்துப் பேச எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆனாலும் பேசினேன். பஸ்ஸில் யாராவது பையை விட்டுப் போனால் டிப்போவில் ஒப்படைப்போம். யாரும் கேட்டு வரவில்லை என்பதற்காக நானாக அதை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியுமா? சரியாகத் தேடினீர்களா என்றேன். பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்களாம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அந்தப் பேப்பரை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். சட்டப்படி எல்லாம் சரிதான் என்றார் வக்கீல் உறுப்பினர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேராசிரியைதான் சமாதானம் செய்து, ஒரு மாதம் பொறுப்போம், நீங்களே தேடிப் பாருங்கள் என்றார்.

அந்த மலைப்பாதையில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எஸ்டேட் பெயரை வைத்துக்கொண்டு ஏறி இறங்கி, கடைசியில் இறந்தவரின் பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டுபிடித்தேன். சொந்தமில்லை, கூடவே இலை பறித்து மூட்டை சுமந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போன தோழி அப்படியே ஊர்ப்பக்கம் போய் நன்றாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே அழைத்து வந்தேன். பேராசிரியை அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றும் மறைக்காமல் விளக்கினார். எங்கே போகும், எதற்குப் போகும், திரும்பி வராது என்பது வரை. பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா வேண்டாமென்று தலையாட்டினார்.

"பொள்ளாச்சி போறதுக்குள்ளயே நாலுவாட்டி வாந்தியெடுப்பாளுங்க. வண்டின்னாலே பயம். அத்தன தூரம் அவளத் தனியா அனுப்ப வேண்டாமுங்க. குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோயி அடக்கம் பண்ணிப்போடறேன்."

கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகப் பேராசிரியை அங்கேயே எழுதிக் கொடுத்தார். பல வருஷத்து உழைப்பு; முகம் வாடித்தான் போயிருந்தது. அதை அந்த அம்மாவும் பார்த்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பேராசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க அம்மணி. நானும் அதே மூட்டையச் சொமந்தவதானுங்க. என்ற காலத்துக்கப்பறம் என்னைய அனுப்பிப்போடுங்க. எனக்கு வாந்தி வராதுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?"