கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு ஒயின்

மைசூர் ஒயின் கடையில் கிறிஸ்துமஸ் கூட்டம். நானும் கணவரும் இப்படியொரு கடைக்குள் நுழைவது இதுவே முதல் முறை. மகளின் வருங்கால மாமனார் வீட்டில் மதியம் விருந்து. அவளுடைய காதல் கல்யாணத்தில் கணவருக்கு இன்னும் முழு மனசில்லை. நான்தான் அவரை இழுத்து வந்திருக்கிறேன்.

கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகால்; எங்கள் தமிழைக் கேட்டதும் முகம் மலர்கிறாள்.

“விருந்துக்குன்னா ஸ்பார்க்லிங் எடுங்கக்கா, நல்லா நுரைக்கும். நம்ம கர்நாடகா திராட்சையில செஞ்சதுங்க. ருசி பாத்துட்டுச் சொல்லுங்க.”

குளிர்ந்த கிளாஸில் குமிழிகள் விறுவிறுவென்று ஏறுகின்றன. ஒரு மிடறு குடித்ததும் நாக்கில் பச்சை ஆப்பிளின் புளிப்பு, மூக்கில் குறுகுறுப்பு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கணவரும் தன் கிளாஸைக் காலி செய்கிறார்.

“ரெண்டு பாட்டில் குடும்மா. சம்பந்திக்கு நானே ஊத்திக் கொடுக்கறேன்” என்கிறார்.

சம்பந்தி என்று அவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.