சொல்லாமல் வைத்திருந்த சொல்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரிடமும் போய், செய்த குற்றம் குறைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்கப்பட்டவர் "பொறுத்துட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒருவர் விடாமல் கேட்டார். துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்த சீனர்களிடம்கூடக் கேட்டார். கடைசியாகத்தான் என்னிடம் வந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம். என்னையும் அழைத்துப் போவதாக மூன்று வருஷம் ஆசை காட்டிவிட்டு, அரபு நாட்டில் இரண்டு அரசர்களுக்கும் ஆகவில்லை, எப்போது வேண்டுமானாலும் சண்டை மூளும், பெண்பிள்ளை வேண்டாம் என்று தனியாகக் கிளம்பிவிட்டார்.

"இப்ப சொல்ல மாட்டேன் மச்சான். திரும்பி வந்து கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதைக் கேட்கவாவது வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். என் மூளை அப்படி. அவர் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறினார்.

ஹஜ் முடிந்தது, மதீனாவுக்குப் போகிறேன் என்று ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு சண்டை மூண்டு, ஹாஜிகள் கப்பல் ஏறுகிற ஜித்தா துறைமுகத்தை முற்றுகை போட்டுவிட்டார்கள். மறுவருஷம் இங்கிருந்து ஹஜ் கப்பலே போகவில்லை. அந்த ஒரே சொல்லை எழுதி நான் அனுப்பிய கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை.

அதுவரை அந்த நாட்டு அரசியல் எனக்கு என்ன தெரியும்? இப்போது கொழுந்தனை உட்காரவைத்துப் பத்திரிகையை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். எந்த அரசர் பக்கம் நியாயம் என்று தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். யாராவது ஜெயித்துத் தொலையட்டும், வழியைத் திறந்துவிட்டால் போதும் என்று தொழுகைப் பாயிலிருந்து திட்டிக்கொண்டே துஆ கேட்டேன். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று செய்தி வந்தால் அவருடைய கைலிகளைத் துவைத்து மடித்து வைப்பேன். அடுத்த வாரம் பேச்சு முறிந்தது என்று வரும். அந்தக் கைலியிலேயே முகம் புதைத்து அழுவேன். அவர் எனக்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஒருவழியாகச் சண்டை ஓய்ந்தது. முதல் கப்பலில், அவரோடு போயிருந்த கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரர் மட்டும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தண்ணி கெட்டுப்போய் காய்ச்சல் கண்டுருச்சு தங்கச்சி. வீட்டுல கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நான் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

இப்போது அந்த நாட்டில் நல்ல அமைதியாம். ஒற்றை ஆளாகப் பாலைவனத்தில் போனாலும் தொடுவாரில்லையாம். இந்த வருஷம் என் தம்பி துணையோடு நானும் போகிறேன். அவரை அடக்கம் செய்த இடத்தில் கபுர்களுக்குப் பெயர் கிடையாதாம், பெண்களைக் கிட்டேயும் விடமாட்டார்களாம். விடாவிட்டால் போகட்டும். மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.