அஷ்டமியன்று நினைவூட்டக் கூடாது

போடியில் ஓர் ஏலக்காய் வியாபார நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் உத்தமபாளையம் வீட்டிலிருந்தே தேவாரம் வழி பஸ்ஸில் தினமும் வந்து போகலாம். புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் சென்னை, மறுபடியும் ஹாஸ்டல் சாம்பார். அப்பா இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சேர்ந்த வாரமே எங்கள் வேனை போடிமெட்டு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. அதுவரை இருந்த முறை இதுதான்: மேனேஜர் தினசரி காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளில் பென்சிலால் எழுதி வைப்பார், தாள் வெளியே வரும்போது கண்ணில் படும். தீபாவளிக்கு மூன்று நாள் அடைத்துத் திறந்த அன்று, நான்கு தாள்களை ஒரே இழுப்பில் கிழித்து, அவற்றில் வடையின் எண்ணெயைப் பிழிந்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் வடையோடு போய்விட்டது.

"எவன்டா கிழிச்சது?" என்று முதலாளி கத்தினார்.

"அன்னைக்கு வடை யாரு சாப்பிட்டாகன்னு யோசிங்க மொதலாளி, தெரிஞ்சிரும்" என்றார் மேனேஜர்.

முதலாளி யோசித்தார். அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தேதி முடியும் முன்பே நினைவூட்டும் ஒரு புரோகிராம் எழுதலாமென்று நான் பட்டியல் போட்டேன். உணவு உரிமம், தராசு முத்திரை, தீயணைப்புச் சான்று, நகராட்சி உரிமம், வேன்களின் எஃப்.சி., டிரைவர்களின் லைசென்ஸ் என்று முப்பத்தேழு காகிதங்கள் தேறின. முப்பத்தெட்டாவதாக என் ஒப்பந்தத்தையும் சேர்த்தேன். நேரில் கேட்க எனக்குக் கூச்சம். புரோகிராம் கேட்கட்டுமே.

ஒவ்வொரு காகிதமும் முடிவதற்கு முப்பது நாள் முன்பு ஒரு செய்தி, இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி, தானாகவே முதலாளியின் வாட்ஸ்அப்புக்குப் போகும். முதல் செய்தி தராசு முத்திரைக்குப் போனது. பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

"ஏம்மா, இன்னைக்கு அஷ்டமி. காலங்காத்தால 'முடிவடைகிறது'ன்னு அனுப்புறியே, நல்லாவா இருக்கு?"

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "ஆத்தா, இங்கன அஷ்டமி, நவமி, கரிநாள் மூணுலயும் மொதலாளி பேனாவைத் தொட மாட்டாக. ராகுகாலத்துல எந்தக் காகிதத்தையும் வாங்க மாட்டாக, குடுக்க மாட்டாக. அடுத்த கரிநாள் என்னைக்கு, கேளு."

கேட்டேன். காலண்டரைப் பார்க்காமலே சொன்னார். முப்பது வருஷம் கையெழுத்து வாங்கியே பஞ்சாங்கம் மனப்பாடம் ஆகியிருந்தது. "பாஸ்டர்கிட்டச் சொல்லிறாத" என்றார்.

ஆகாத நாட்களையெல்லாம் இன்னொரு பட்டியலாக ஏற்றினேன். நினைவூட்டல் அப்படியொரு நாளில் விழுந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். முதலாளிக்கு மகா சந்தோஷம். தன்னுடைய சந்திராஷ்டமத்தையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். முப்பதாம் நாள் செய்திக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்; இரண்டாம் நாள் செய்தி வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக எல்லோரையும் விரட்டுவார். அதன்பின் எந்த வேனும் மலையில் நிற்கவில்லை.

என் முறை வந்தது. முப்பதாம் நாள் செய்தி போனது, கட்டைவிரல் வந்தது. வேனின் புகைச் சான்றிதழுக்கு வந்த அதே கட்டைவிரல். இரண்டாம் நாள் செய்திக்குக் காத்திருந்தேன். செவ்வாய் அஷ்டமி, தள்ளியது. புதன் நவமி, தள்ளியது. வியாழன்தான் கடைசி நாள், அன்று கரிநாள். வெள்ளி காலை பட்டியலைத் திறந்தால் முப்பத்தெட்டாவது வரி சிவப்பாக இருந்தது: காலாவதி. தேதி தாண்டியவற்றுக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்றும் நானேதான் எழுதியிருந்தேன்.

மேனேஜர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "செவப்பா இருக்கே, யாரு அது?"

"நான்தான் சார்."

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போத்தா. போயி வாயால கேளு."

முதலாளி அறைக்குள் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால். இது என்ன நேரம்?"

"ராகுகாலம், மொதலாளி."

"பட்டியல் போட்ட புள்ளையே இப்படி வந்தா எப்படி?"

"ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சிருச்சு. நாளைக்கு நான் வரணுமா வேண்டாமா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே என் பெயர் போட்ட தாள், ஒரு வருஷத்துக்கு, கையெழுத்தோடு. "மூணு வாரமாச்சு. வளர்பிறையில நல்ல நாளாப் பார்த்துப் போட்டேன்."

"குடுக்கவே இல்லையே?"

"எல்லாத்துக்கும் ரெண்டு நாள் முன்னாடி மெசேஜ் வருது. இதுக்கு மட்டும் வரல. உனக்குத்தான் இருக்க இஷ்டமில்லையோன்னு நெனச்சேன்."

கையை நீட்டினேன். இழுப்பறை மூடியது. "பன்னெண்டுக்கு மேல வாங்கிக்க."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் பட்டியலில் 'கொடுத்தாயிற்றா?' என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். கடைசி நாளுக்குப் பின்னாலே தள்ளாதபடி விதியைத் திருத்தினேன். மேனேஜர் டீ சொல்லியிருந்தார், அதையும் குடித்தேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் ஒலித்தது. கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் அனுப்பியிராத முதலாளி, எழுத்து எழுத்தாகத் தட்டியிருந்தார்:

"ராகுகாலம் முடிந்தது. வரவும்."