நிறுத்தச் சொல்லாத அந்துவான்

செய்தி வந்தபோது நான் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் முடிதிருத்தும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம்தான் மழித்து முடிந்திருந்தது. சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு சேவியர் உள்ளே வந்தான். ஒரு காலத்தில் அந்துவானின் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடியவன். இப்போது இங்கே மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். "கோச் போயிட்டாருண்ணே. காலையில காப்பி கேட்டாராம். கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றான். கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முடித்துவிடுங்கள் என்று தலையாட்டினேன். பாதி முகத்தோடு எழுந்து ஓடியிருந்தால் அந்துவானுக்குப் பிடித்திருக்காது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலருக்கு அவரைப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்துவான் ரொட்டிக்கடை வைத்திருந்தார். விடியும் முன் அடுப்பு மூட்டுகிறவர், மாலையில் மாதா கோயில் தெருப் பையன்களின் கால்பந்து அணிக்குச் சம்பளமில்லாத கோச். நான் மில்லில் தறி ஓட்டினேன். மில் தொழிலாளர் அணிக்கு நான் கோச். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரைப் பற்றி ஊர் அறிந்த விஷயம் ஒன்றுதான். எத்தனை கோல் முன்னால் இருந்தாலும் அவர் அணி நிறுத்தாது. கோட்டுக்கு வெளியே நின்று "அலே! அலே!" என்று கத்துவார். பிரெஞ்சில் போ, போ என்று அர்த்தம். ஒன்பது கோல் போட்ட பிறகும் பத்தாவதற்கு அலே.

எழுபதுகளின் தொடக்கத்தில், மில்லில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்த சமயம், அவர் அணியோடு எங்களுக்கு ஓர் ஆட்டம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வந்தவர்கள். இடைவேளைக்குள்ளேயே ஐந்து கோல் வாங்கிவிட்டோம். எட்டாவது விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்து அவர் நின்ற பக்கத்துக்கே போய்விட்டேன். அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

"யோவ், போதும்யா. ஆளுங்க பட்டினியா வந்திருக்காங்க. உன் பசங்கள நிறுத்தச் சொல்லு."

அவர் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உன் ஆளுங்கள நீ நிறுத்தச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்?"

"அதான். அவனுங்க ஓடிகினுதானே இருக்கானுங்க. ஓடற ஆளு முன்னாடி என் பசங்க கையைக் கட்டிகினு நின்னா, அது என்னா மரியாதை?"

"உனக்கு மனசாட்சியே கெடையாதாய்யா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நான் என் பக்கம் வந்து சேர்வதற்குள் ஒன்பதாவது விழுந்துவிட்டது. பத்துக்குப் பூஜ்யத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு மில்காரர்கள் குடியிருந்த தெருக்களில் யாரும் அவர் ரொட்டியை வாங்கவில்லை. காலையில் சைக்கிளில் கூடையோடு வருவார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாக மெதுவாகப் போய்விட்டு, அதே கூடையோடு திரும்பிப் போவார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் வருவார். கடைசியில் ஒருநாள் நான்தான் வழிமறித்து ஒரு ரொட்டி வாங்கினேன். "பரிதாபப்பட்டு வாங்கறியா?" என்று கேட்டார். "பசிக்குதுய்யா, குடு" என்றேன். அது உண்மையும்கூட.

எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. சிநேகம் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம். மாலையில் பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துகொள்வோம், கையில் ஆளுக்கொரு பொட்டலம் கடலை. ஜெயித்தாயிற்று என்று தெரிந்த பிறகு போடுகிற கோல் யாருக்கு என்று நான் கேட்பேன். எதிரே நிற்கிற பையன் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டாமா? நாளைக்குத் தெருவில் நடக்க வேண்டாமா? ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கிற கோச் போதும் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

என் அணியில் அதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தேன். நாலு கோல் முன்னால் போய்விட்டால் முன்வரிசை ஆட்களைப் பின்னுக்கு இழுத்துவிடுவேன். பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்துவார்கள். ஒருமுறை கடலோரக் குப்பத்து அணியோடு ஆட்டம். நாலு விழுந்தது, வழக்கம்போல இழுத்துவிட்டேன். அந்த மீனவப் பையன்கள் விடாமல் ஓடி ஐந்து கோல் போட்டுவிட்டார்கள். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஆட்கள் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை.

மறுநாள் சுவரில் அந்துவான் என்னை உண்டு இல்லை என்று ஆக்குவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் கிண்டல் செய்தார், பிறகு குரல் மாறிவிட்டது. "குப்பத்துல போய்ப் பாரு கோவிந்தா. ஜெயிச்சவனுங்க கொண்டாட முடியாம குந்திகினு இருக்கானுங்க. ஊர்ல எவனைக் கேட்டாலும் மில்காரன் விட்டுக்குடுத்தான்றான். நீ தோத்தவனுக்கு இரக்கப்பட்ட, சரி. அவனுங்க சொந்தமா போட்ட அஞ்சு கோலையும்ல நீ எடுத்துகின?" நான் கடலையைக் கொறித்துக்கொண்டு அலையைப் பார்த்தேன். ஆனால் என் பழக்கத்தை மட்டும் விடவில்லை. பிடிவாதத்தில் நானும் லேசுப்பட்டவன் இல்லை.

பங்குச் சாமியார்கூட ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவரைக் கூப்பிட்டு, கிறிஸ்தவன் இரக்கம் காட்ட வேண்டாமா என்று கேட்டாராம். "காட்டலாம் சாமி. தப்பு பண்ணவனுக்குக் காட்டலாம். தோத்தவன் என்னா தப்பு பண்ணான்?" என்று அந்துவான் திருப்பிக் கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஊர் சிரிக்கவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் சிநேக ஆட்டத்துக்கு அவர் அணியை யாரும் கூப்பிடாமல் ஆனது. போட்டிகளில் கோட்டுக்கு வெளியே அவர் நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தரை காலியாக இருக்கும். அவர் பையன்களின் அப்பாக்களே தள்ளிப் போய் நிற்பார்கள். "ஒத்தையா நிக்கறியே, கஷ்டமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்குது" என்றார். அன்றைக்கு இருட்டும்வரை நாங்கள் எதற்கும் சண்டை போடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. கடையை மூடினார்கள். ஒரே மகன் பிரான்சிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். வீட்டில் அவரும் மனைவி மதலேனும்தான். பழைய ஆட்டக்காரர்கள் அவரை மறக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மாலையில் சேவியரும் மற்றவர்களும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாதா கோயில் வளாகத்தில் உட்காரவைத்து பெத்தாங் ஆடுவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தரையில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டு, இரும்புக் குண்டுகளை அதற்கு எவ்வளவு கிட்டே எறிகிறோம் என்று பார்க்கிற ஆட்டம். பதிமூன்று புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். அந்துவான் உட்கார்ந்தபடியே இடது கையால் எறிவார். தினமும் ஜெயிப்பார்.

ஒருநாள் மதலேன் என் வீடு தேடி வந்தார். "அண்ணே, அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. ஆடவும் போக மாட்டேன்றாரு. உங்களைத்தான் கூப்பிடறாரு." போனேன். என்னைப் பார்த்ததும் அந்துவானுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் தோக்கறானுங்க கோவிந்தா. குண்டை எங்க போடறானுங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் வளத்த பசங்க. என்னைச் செத்தவன்னு முடிவு பண்ணிட்டானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வாய்யா. நீ வந்து என்னைத் தோக்கடி."

வாழ்நாளெல்லாம் போதும் போதும் என்று சொன்னவனிடம் கேட்கிறார் பாருங்கள். சரி என்றேன். மறுநாள் ஆடினோம். எட்டுக்கு இரண்டு என்று நான் முன்னால் இருந்தேன். அந்த இடது கை நடுங்குவதைப் பார்த்தேன். என் அடுத்த குண்டு தானாகவே விலகிப் போய்விட்டது. அந்துவான் கையிலிருந்த குண்டைக் கீழே போட்டார். "வீட்டுக்குப் போ" என்றார். வழியெல்லாம் எனக்கு என்மேலேயே கோபம்.

அதற்கடுத்த நாள் திரும்பிப் போனேன். பதிமூன்றுக்கு ஒன்று. ஒரு குண்டைக்கூடச் சும்மா எறியவில்லை. சேவியரும் மற்றவர்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே இதைப் படிப்பார்கள். அன்றைக்கு அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக மதலேன் சொன்னார். பிறகு மழையில்லாத மாலைகளிலெல்லாம் ஆடினோம். ஒவ்வொரு முறையும் தோற்கடித்தேன். மனசில்லாமல்தான் தோற்கடித்தேன். திரும்பி நடக்கும்போது சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். தோற்றுவிட்டு அவர் என்னைத் திட்டுவார், மறுநாள் எப்படி ஆடப்போகிறார் என்று சொல்வார். மெல்ல மெல்ல அந்த இடது கை திருந்தியது. ஐந்து எடுத்தார், ஏழு எடுத்தார். ஒருநாள் பத்துவரை வந்தார்.

அவர் போவதற்கு முந்திய வாரம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வந்துவிட்டது. என் குண்டு மரக்குண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று மீதி. அவர் எறிந்தார். அது வந்து என் குண்டை அடித்து விரட்டிவிட்டு அதே இடத்தில் நின்றுகொண்டது. நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். குனிந்து, மூச்சைப் பிடித்து, அவர் குண்டைக் குறிபார்த்து எறிந்தேன். விரல்கடை தூரத்தில் தாண்டிப் போய்விட்டது.

அந்துவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டுட்டியா?"

"இல்லய்யா."

"மாதா மேல சத்தியம் பண்ணு."

"உங்க மாதாவை வச்சி நான் பண்ணா செல்லுமா? எங்க மாரியாத்தா மேல பண்றேன். விடல. தோத்துட்டேன்."

அவர் நம்பினார். அத்தனை நாள் ஈவிரக்கமில்லாமல் அடித்தவன் சொன்னதால் நம்பினார். நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எச்சில் வழிய. வீடு போகும் வழியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சேவியர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க பெரிய மனுசண்ணே. கடைசியில அவரை ஜெயிக்க விட்டீங்களே. சந்தோஷமா போய்ச் சேந்தாரு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். "விடலடா. நெஜமா தோத்தேன்" என்றேன். அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டான். பிறகு வேறு சிலரும் அதையே சொன்னார்கள். அணியை இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்து நான் சம்பாதித்த நல்லபெயர் இப்போது அவர் வெற்றியைத் தின்றுகொண்டிருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்துவானை அறிந்த எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சேவியர், நீயும்தான். அன்றைக்கு நான் என்னால் முடிந்த மட்டும் ஆடினேன். அவர் என்னைவிட நன்றாக ஆடினார்.

இப்போதும் மாலையில் கோயில் வளாகத்துப் பக்கம் போகிறேன். பையன்கள் மரியாதையாக எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள், ஆடவும் கூப்பிடுகிறார்கள். என் குண்டு எங்கே விழுந்தாலும் அவர்களுடையது இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் விழுகிறது. தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். ஜெயித்துவிட்டு எழுந்து கடற்கரைக்கு நடக்கிறேன். சுவரில் உட்கார்ந்தால் என்னோடு சண்டை போட ஒரு ஆள் இல்லை. அந்துவானிடமிருந்து எனக்கு மிஞ்சியது பதிமூன்றுக்குப் பன்னிரண்டு என்ற அந்த ஒரு தோல்விதான். அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.