பாவம், அந்தப் புழு

கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. படம் வரைவேன் என்பதைத் தவிர என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். எனக்கு அத்தை மகன்தான். சின்ன வயதிலிருந்தே அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். கீழே மூட்டை பிரிக்கிற நாட்களில் இருவரும் மாறி மாறித் தும்முவோம்.

சில இங்கிலீஷ் படங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கார்ட்டூன் போடுவார்கள். முதல்முறை பார்த்தபோது, ஒரு கரடி தேனுக்காக மரமேறிச் சறுக்கி விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய படம் என் மனதில் ஏறவேயில்லை. மறுவாரமும் அதே படத்துக்குப் போகவேண்டும் என்றேன். கரடி விழுந்து முடிந்ததும், போகலாம் என்று எழுந்துவிட்டேன். டிக்கெட் வாங்கி வந்து படம் தொடங்கும் முன்னே வெளியே போகிற எங்களை வாசலில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அத்தான் கோபிக்கவில்லை. கொட்டகையில் மிஷின் ஓட்டுகிறவரிடம் சொல்லி, அறுந்துபோன கார்ட்டூன் பிலிம் துண்டு ஒன்றை வாங்கி வந்து தந்தார்.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் கரடியின் கை ஒரு மயிரிழைதான் மாறியிருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. அன்றே பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் ஓர் அணிலை வரைந்தேன். கட்டைவிரலால் தாள்களை விசிறினால் அணில் ஓடியது. அத்தான் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எக்ஸ்ரேக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் விசிறிக் காட்டினார்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் சுகாதார இலாகாவின் பிரசார அதிகாரி, மலையாளி. ஊர் ஊராக வேனில் போய்ச் சுகாதாரப் படம் காட்டுவது அவர் வேலை. தோட்டங்களில் கொக்கிப் புழு ஆட்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. ஈர மண்ணில் கிடந்து, வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே ஏறும் புழு. செருப்புப் போடுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்கவில்லை. இந்த அணில் மாதிரி ஒரு புழுவை ஓடவைத்துப் பயங்காட்ட முடியுமா என்று கேட்டனுப்பினார்.

முடியும் என்று சொல்லிவிட்டோம். எப்படி என்பது தெரியாது. கார்ட்டூனைக் கண்ணாடி மாதிரியான தாளில் வரைவார்களாம். அது இங்கே எங்கே கிடைக்கும்? வேண்டாமென்று கழித்த எக்ஸ்ரே பிலிம்களை அத்தான் பெரிய டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்து, வெந்நீரில் சோடாக்காரம் போட்டு ஊறவைத்துத் தேய்த்தார். யார் யாருடைய விலா எலும்பெல்லாமோ கரைந்துபோய்த் தாள் தெளிந்தது. நான் வரைந்து வண்ணம் பூசிக் காயவைப்பேன். காய்வதற்குள் மிளகாய்த் தூசி வந்து ஒட்டும். தும்மல் வந்தால் தாளுக்கு நேரே தும்மாமல் மாடிப்படிக்கு ஓடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளில்லாத எக்ஸ்ரே அறையில் அதிகாரியின் சின்னக் காமிராவை மரச்சட்டத்தில் குப்புற மாட்டிப் படம் பிடித்தோம். நான் தாளை மாற்றுவேன், அத்தான் பொத்தானை அமுக்குவார். அமுக்கும் முன் தொழில் பழக்கத்தில், "மூச்சைப் பிடிச்சுக்கோ" என்று புழுவிடம் சொல்வார். சிரிப்பில் என் கை ஆடி, தாளை மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

படம் மூன்று நிமிஷம்கூட ஓடாது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் காட்டுவதாக ஏற்பாடு. வித்துரா வழியாக வேனில் போனோம். இருட்டியதும் பாக்டரி முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் புழு ஈர மண்ணிலிருந்து தலையை நீட்டிக் காத்திருந்தது. ஒரு கால் வந்தது; செருப்பு. இன்னொரு கால், அதிலும் செருப்பு. புழு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்ல ஊர்ந்து போனது. முன்வரிசையில் ஒரு சிறுமி தேம்ப ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஓர் அம்மாள், "பாவம், அதுக்குச் சோறு ஆரு போடுவா?" என்று கேட்டாள். முற்றமே அவளோடு சேர்ந்துகொண்டது. புழுவைக் கண்டு ஓர் ஆள்கூடப் பயப்படவில்லை.

திரும்பும் வழியில் நான் அத்தானின் தோளுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். வித்துராவில் சாயா குடிக்க இறங்கியபோது அதிகாரி திடீரென்று சிரிக்க ஆரம்பித்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்கு வந்த தமிழில் சொன்னார்: "புழுவுக்கு ஜீவன் கொடுக்க உனக்குத் தெரியும். எவிடெ நிறுத்தணும், அது அறியாது. அது படிக்கணும். எனக்கும் அறியாது. மதராசுக்குப் போ."

மதராஸில் ஒரு ஸ்டுடியோவில் கார்ட்டூன் பிரிவு இருந்தது. அவர் அங்கே தெரிந்தவருக்கு எழுதினார்; பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. என் சித்தி வீடு மாம்பலத்தில். எல்லாம் கூடி வந்தபோது எனக்குத்தான் மனம் வரவில்லை. நீங்க சோத்துக்கு என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"நான் பொங்கித் தின்னுக்கிடுவேன். நீ போயிட்டு வா," என்றார் அத்தான். சற்று நேரம் கழித்து, "ரசம் மட்டும் ஒருக்கச் சொல்லித் தந்துட்டுப் போ," என்றார்.

ஸ்டுடியோவில் எல்லோரும் ஆண்கள். மாதக்கணக்கில் மற்றவர் வரைந்த கோட்டுக்குள் வண்ணம் பூசினேன். பிறகு தலைமை ஓவியர் ஒரு சோதனை வைத்தார்: சுமை தூக்கி நடக்கும் ஒருவனை வரைய வேண்டும். வரைந்தேன். ஓட்டிப் பார்த்தால் அவன் பஞ்சு மூட்டையைச் சுமப்பது போல மிதந்து போனான். கனமே இல்லை என்று திருப்பித் தந்தார். நான்கைந்து முறை திருப்பினார். சித்தி வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தான் லீவில் வந்தார். எழும்பூர் ஸ்டேஷனில் கூட்டத்துக்கு நடுவே அவரைக் கண்டேன். தோளில் ஒரு பெரிய பலாப்பழம். இடுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது. ஒவ்வோர் அடியிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கி, உடம்பு கீழே போய், பிறகுதான் மேலே வந்தது. சும்மா தொங்கிய மறுகை காற்றில் எதையோ பிடிக்கப் போவது போல விரிந்திருந்தது. கிட்டே வந்து பழத்தை இறக்கப் போனார்.

"இறக்காதீங்க அத்தான். அந்தக் கடைசி வரை போயிட்டுத் திரும்பி வாங்க," என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. வேர்க்க வேர்க்கப் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்து திரும்பினார். நான் போதவில்லை என்றேன், மறுபடியும் போனார். போர்ட்டர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாளே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். இந்த முறை ஓட்டிப் பார்த்ததும் தலைமை ஓவியர் இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். பிறகு வண்ணம் பூசும் மேஜையிலிருந்து என் பொருட்களை எடுத்து, வரைகிறவர்களின் வரிசையில் ஜன்னலோரமாக வைக்கச் சொன்னார். அன்று மத்தியானம் அத்தான் ஸ்டுடியோவுக்கே வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்தார். கார்ட்டூன் பிரிவு முழுக்கச் சுளை தின்றது.