எண்ணூர் வந்த பிறகு சொன்னார்கள்

எங்கள் நைனாவைப் பேச்சு மூச்சோடு பார்க்க எனக்கு ஒரு நாள் கிடைத்திருந்தது. அந்த நாளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் கோபம் ஆறவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அப்போது நாங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தோம். செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலம். எங்கள் பிளாக்கில் ஒரு பால்வாடி டீச்சர் இருந்தார். எனக்கு அக்கா முறை இல்லை, ஆனாலும் டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் புத்த விகாரைக்கு வருகிறவர்களில் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளி மாநிலத்துக்குக் கூட்டிப்போவார். டூர் என்றால் கோயில், அருவி, பொம்மைக் கடை என்று நினைக்க வேண்டாம். நம்மைப் போலவே கூலி வேலை செய்து, வேறு பாஷை பேசும் ஜனங்களின் வீட்டில் ஒரு வாரம் தங்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் படுக்கும் இடத்தில் படுத்து, அவர்கள் வேலையில் கை கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள். லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது, ரயில் டிக்கெட்டைத் தவிர பெரிய செலவு கிடையாது. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கவும் மாட்டார். "அதுக்கு மேல ஆளு சேந்தா நம்ம கதைய நாமே பேசிகினு திரும்பி வருவோம்" என்பார்.

என்னை அனுப்பியது நைனாதான். ஹார்பரில் இரும்புத் தாதும் கரியும் வாரி வாரிக் கப்பலில் கொட்டியவர். நெஞ்சில் பாதி அந்தத் தூசுதான். எந்தெந்த நாட்டுக்கோ சரக்கு ஏற்றியிருக்கிறாரே தவிர, வடக்கே கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை. கப்பலிலிருந்து இறங்கும் ஆட்களை மடக்கி, உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள், பொண்ணு பார்க்க எப்படிப் போவீர்கள் என்று சைகையிலேயே கேட்டு வருவார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நான் கிளம்பும்போது இருமல் அதிகமாக இருந்தது. "போகட்டுமா நைனா?" என்று கேட்டேன்.

"இது எப்பவும் கீற இருமல்தான்மே. நீ போய் நல்லா பாத்துட்டு வா. வந்து எனுக்கு ஒன்னு வுடாம சொல்லணும்" என்றார்.

நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு பீடி சுற்றும் வேலை. எனக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களோடு வந்திருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒருவருக்கு இந்தி வரும், அவர்தான் நடுவில். சோள மாவைக் கையில் தட்டி ரொட்டி போடச் சொல்லிக்கொடுத்தார் அந்த அம்மா. நான் தட்டியது ஒன்றும் வட்டமாக வரவில்லை. அவர் சிரித்து என் தலையில் குட்டுவார். அந்த ஊர் விகாரையில் பொம்பளைகள்தான் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள், ஆம்பிளைகள் பின்னால். இதையெல்லாம் நைனாவுக்கு எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கி, எங்களோடு நின்ற பெண்ணிடம் நேராகப் போய் இரண்டு வார்த்தை சொன்னான். அந்தப் பெண் குடத்தை அப்படியே வைத்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடினாள். "உன் அப்பா இறந்துவிட்டார்" என்று சொன்னானாம். இங்கே அப்படித்தான், மறைக்க மாட்டோம், அழுகிறவள் அழட்டும், ஆனால் தெரிந்து அழட்டும் என்று வீட்டுக்காரம்மா சொன்னதாக ஒர்க்‌ஷாப் அண்ணன் விளக்கினார்.

தினமும் சாயங்காலம் விகாரைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, நம் ஊரில் இல்லாத ஒன்றை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். டீச்சரக்கா வைத்த வழக்கம் அது. அன்றைக்கு நான் இதைத்தான் சொன்னேன். நம் பக்கத்தில் செத்தவரைச் செத்தார் என்று சொல்வோமா? ஜுரம் என்போம், மயக்கம் என்போம், "உடனே வா, உன்னியே கேக்கறாரு" என்போம். தெருமுனையில் பந்தலைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரியும். டீச்சரக்கா தலையை ஆட்டி, "கரெக்டுமே. நம்மாளுங்க இத்த மாத்திக்கணும்" என்றார். எட்டுப் பேரும் ஆமாம் போட்டோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பக்கத்து மளிகைக் கடைக்கு மெட்ராஸிலிருந்து போன் வந்தது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரக்கா போய்ப் பேசினார். பேசியவர் என் அக்கா புருஷன். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பதை டீச்சரக்காவே பிறகு என்னிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"டீச்சரே, மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரில சேத்துகிறோம். பேசிகினுதான் கீறாரு. சின்னவள எப்ப வருவான்னு கேட்டுகினே கீறாரு. இன்னிக்கு வண்டில ஏத்தி வுட்டுடுங்கோ."

"நான் தைரியமா கேட்டுக்கறேன்பா. மெய்ய சொல்லு."

"மெய்தான் டீச்சரே. சத்தியமா உசுரோட கீறாரு!"

சத்தியம் செய்தாரா, அத்தோடு டீச்சரக்காவுக்கு சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது சத்தியம் செய்வார்களா? உயிரோடு இருந்தால் இவ்வளவு தூரம் போன் போடுவார்களா? ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் சொன்னார். அவரும் "முடிஞ்சிபோச்சு டீச்சர்" என்றார். மத்தியானம் மெட்ராஸுக்கு ஒரு வண்டி இருந்தது. ஆனால் எங்கள் டிக்கெட் மறுநாளுக்குத்தான். என்னைத் தனியாக ஏற்றிவிட்டால் வழியெல்லாம் அழுது எங்காவது விழுந்து வைப்பேன். போனவர் போய்விட்டார், ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள், பெண் வராமல் எடுக்க மாட்டார்கள். இப்படிப் பேசி, நாளைக்கு எல்லோருமாகவே போகலாம், அதுவரை இவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா! அன்றைக்கு என்னை ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். டீச்சரக்கா என் தலையைப் பின்னிப் பூ வைத்துவிட்டார். பழத்தை உரித்து உரித்து என் கையில் கொடுத்தார்கள். நான் பாடச் சொன்னால் பாடினார்கள். நமக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்காரம்மா மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் என்னைக் கைகாட்டிக் காட்டிச் சண்டை போட்டார். ரொட்டி மாவை வீணாக்கிவிட்டேன் என்று திட்டுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்து விடவே மாட்டேன் என்று அழுதார். இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ரயிலில் எல்லோரும் உம்மென்று வந்தார்கள். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். நைனாவுக்கு முதலில் ரொட்டியைச் சொல்லணும், அப்புறம் விகாரை, அப்புறம் தோட்டம் என்று டீச்சரக்காவிடமே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விடிந்து, பொன்னேரி போய், எண்ணூர் சிம்னிகள் தெரிந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையில் வாடியிருந்த பூவை எடுத்து வெளியே போட்டார்.

"மனச கல்லாக்கிக்கமே. நைனா நம்மள வுட்டுட்டுப் போய்ட்டாரு."

எண்ணூரிலிருந்து பேசின்பிரிட்ஜ் வரைக்கும் நான் கத்தியது எனக்கு நினைவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போதே கூட வந்த பொம்பளைகள் முடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினோம். அங்கே பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, மேளம் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் எங்களை வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். டூர் போன எட்டுப் பேரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, எங்களை எண்ணிப் பார்த்தாள்.

"யாருக்கு இன்னாச்சி? ஏன் அயுவுறீங்கோ?"

டீச்சரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, உசுரோட கீறாரா! நல்ல காலம்மே உனுக்கு!" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நைனா கண் மூடிக் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் வரை பேசியிருக்கிறார், ராத்திரிதான் நினைவு தப்பியதாம். போன் வந்த அன்றைக்கே மத்தியான வண்டியில் என்னை ஏற்றிவிட்டிருந்தால், பேசிக்கொண்டிருந்த நைனாவின் முன்னால் முந்தின நாள் காலையிலேயே வந்து நின்றிருப்பேன். என்ன பேசினார் என்று அக்காவைக் கேட்டேன்.

"வேற இன்னா பேசுவாரு? அங்க சோறா, ரொட்டியான்னு கேட்டாரு. எனுக்கு இன்னா தெரியும்? அவ வந்து சொல்லுவான்னு சொன்னேன். சரி, அவளே வந்து சொல்லட்டும்னாரு."

காதோரம் குனிந்து ரொட்டி என்று சொன்னேன். சோள மாவு, கையில் தட்டணும், எனக்கு வட்டமாக வரவில்லை என்றேன். அவருக்கு இனிமேல் காது கேட்காது என்று நர்ஸ் சொன்னார். நான் நிறுத்தவில்லை. சாயங்காலம் மூச்சு நின்றது.

அரக்கோணத்தில் இருந்த அத்தைக்கு, நைனாவின் ஒரே தங்கைக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பக்கத்து வீட்டில் போன் உண்டு. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்தில் அக்கா புருஷன் நம்பரைச் சுற்றி, "ரொம்ப முடியல, கிளம்பி வான்னு சொல்லிடலாம்" என்றார். அத்தை வந்து பேசும் குரல் கேட்டதும் ரிசீவரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அத்தே, நைனா செத்துட்டாரு. இப்பதான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. பிறகு வேறொரு குரல், "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று திட்டியது. பூத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அக்கா புருஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை நெற்றியில் துணிக்கட்டோடுதான் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். அரக்கோணத்திலிருந்து வந்த வழியெல்லாம் அவள் தன் அண்ணனுக்காக அழுதுகொண்டு வந்தாள். நான் என் அப்பாவுக்குக் கதை சேர்த்துக்கொண்டு, எண்ணூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தவள்.